கண்ணாடிக்காரரின் கல்லறை

சுவா சூ காங் கிறிஸ்துவக் கல்லறைத் தோட்டத்தில் எந்தெந்தப் பகுதிகள் அடுத்துத் தோண்டப்படும் என்ற அறிவிப்பு வந்தபோது, அதில் அப்பாவின் பகுதியும் இருந்தது. இரண்டு முறை படித்தேன். அப்பாவை அடக்கம் செய்தது 2005-இல். சிங்கப்பூரில் 1998 முதல் கல்லறைக்கு 15 ஆண்டுதான் கணக்கு என்பது எங்களுக்குத் தெரியாததல்ல. அதன்பின் எலும்புகளை எடுத்துவிடுவார்கள். எரிக்க அனுமதிக்கும் மதத்தார் என்றால் எரித்து, அஸ்தியை மாடத்தில் வைத்துக்கொள்ளலாம். எரிக்கக்கூடாத மதத்தாருக்குச் சிறிய குழியில் மறு அடக்கம். நிலம் குறைந்த ஊர், வேறு வழியில்லை என்று மற்றவர்கள் வீட்டுக் கல்லறைகளைப் பற்றிப் பேசும்போது நானும் சொல்லியிருக்கிறேன். 15 ஆண்டு முடிந்தும் சில காலம் ஒன்றும் வரவில்லை. நம்மை மறந்துவிட்டார்கள் போலிருக்கிறது என்று நாங்களும் மறந்திருந்தோம்.

ஜோகூர் பாருவில் இருக்கும் அண்ணனை அழைத்தேன். "எலும்பை வாங்கி இங்கே கொண்டு வந்து அடக்கம் பண்ணிடலாமா தங்கச்சி?" என்றார். அம்மா ஒரே வாக்கியத்தில் பேச்சை முடித்துவிட்டார். "தூங்குறவரை ஏண்டி எழுப்பணும்?"

உரிமை கோரிப் பதிவு செய்ய நாள் இருந்தது. அந்த ஜூன் மாதம் அண்ணன் மகளுக்குப் பட்டமளிப்பு விழா. அயர்லாந்தில் கார்க் நகரப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் முடித்திருந்தாள். வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று அம்மாவை அக்கம்பக்கத்தில் ஒப்படைத்துவிட்டு விமானம் ஏறினேன். பதிவுப் படிவம் கைப்பையிலேயே இருந்தது.

கார்க்கில் ஜூன் மாதத்தில் இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் போவதில்லை. தூக்கமும் வருவதில்லை. விழாவுக்கு முந்திய நாள் மருமகள், "அத்தை, எங்க காம்பஸ்ல ஒரு சாப்பல் இருக்கு. பரீட்சைக்கு முன்னாடி நாங்க எல்லாரும் போய் உட்காருவோம். மலாய்க்காரப் பிள்ளைங்ககூட சும்மா வந்து உட்காரும். வாங்க" என்று அழைத்துப் போனாள். ஹோனன் சிற்றாலயம். வெளியே சாம்பல் நிறக் கல் கட்டடம், ஒரு பள்ளிக்கூடக் கட்டடம் அளவுகூட இல்லை. உள்ளே நுழைந்ததும் கண் தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்துச் சுவரில் நீலம் தெரிந்தது.

நீலம் என்று சொன்னால் போதாது. நான் படித்தது விக்டோரியா ஸ்திரீட் கான்வென்டில். இன்று சைம்ஸ் என்ற பெயரில் உணவகங்களும் திருமண விருந்துகளுமாக இருக்கும் அதே இடம். அங்கிருந்த தேவாலயத்தின் கண்ணாடிகள் பெல்ஜியத்தின் புரூஜ் நகரத்தில் ஜூல்ஸ் டோபலேர் என்பவரின் பட்டறையில் செய்தவை. கோவில் 1904-இல் திறக்கப்பட்டது. காலை வெயிலில் அந்தக் கண்ணாடிகளின் சிவப்பும் பச்சையும் தரையில் விழும். எங்கள் வெள்ளைச் சட்டைகளிலும் விழும். சிறுமிகள் நாங்கள் கையை நீட்டி நிறத்தைப் பிடித்து விளையாடி அடி வாங்குவோம். எனக்குத் தெரிந்த வண்ணக் கண்ணாடி அதுதான்: அழகானது, சாதுவானது. ஹோனனில் இருந்தது வேறு. நீலத்துக்குள் ஒரு சிவப்பு, அந்தச் சிவப்புக்குள் ஊசிமுனை அளவில் வெள்ளைப் பொட்டுகள். வெளியே மேகம் நகர்ந்தால் சுவரே மூச்சு விடுவதுபோல் நிறம் ஏறி இறங்கியது.

ஒரு சாளரத்தில் பக்கவாட்டு முகத்தோடு ஒரு பெண். வெளிறிய முகம், ராஜ நீல அங்கி. சுற்றிலும் பெரிய பெரிய தேனீக்கள், அவற்றைக் கண்டு மிரண்ட திருடர்கள். எனக்குச் சட்டென்று நினைவு வந்தது. கான்வென்டில் எங்களுக்குப் புவியியல் எடுத்த ஐரிஷ் சிஸ்டர், பாடம் சலித்தால் கதை சொல்வார். "எங்கள் ஊர்ப் புனிதை ஒருத்தி, திருடர்கள் மேல் தேனீக்களை ஏவிவிட்டாள்" என்பது அவற்றில் ஒன்று. எங்களை மிரட்டத்தான் அந்தக் கதை என்று நினைத்திருந்தேன். கார்க் வட்டாரத்தில் ட்ரிஷேன் என்ற இடத்தில் அந்தச் சபைக்கு ஒரு மடம் இருந்தது. அங்கே பயிற்சி பெற்ற எத்தனையோ பெண்கள் கப்பலேறி மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் வந்து நமக்கு ஆங்கிலமும் கணக்கும் சொல்லிக்கொடுத்தார்கள். பலர் திரும்பிப் போகவே இல்லை. தேனீக்காரியின் பெயர் கோப்னட் என்பதை ஐம்பது ஆண்டு கழித்து அந்தச் சிற்றாலயத்தில்தான் தெரிந்துகொண்டேன்.

அந்தச் சாளரத்தைச் செய்தவர் பெயர் ஹாரி கிளார்க். ஹோனனில் உள்ள 19 சாளரங்களில் 11 அவருடையவை. மற்ற எட்டும் சாரா பர்சர் என்ற அம்மையார் நடத்திய பட்டறையில் செய்தவை. அவையும் நன்றாகவே இருக்கின்றன, ஆனால் பாவம், கிளார்க்கின் பக்கத்தில் மாட்டிக்கொண்டன. அந்த வேலை கையில் வந்தபோது ஹாரிக்கு வயது 26.

தூக்கம் வராத அந்த இரவுகளில் மருமகளின் வீட்டில் உட்கார்ந்து அவரைப் பற்றிப் படித்துக்கொண்டே இருந்தேன்.

1889, மார்ச் 17. அயர்லாந்தின் காவல் புனிதரான பேட்ரிக்கின் திருநாளன்று டப்ளினில் பிறந்தவர். தந்தை ஜோஷுவா இங்கிலாந்தின் லீட்ஸ் நகரிலிருந்து பிழைக்க வந்தவர். தேவாலயங்களுக்கு வண்ணம் பூசி அலங்கரிப்பது தொழில். பிறகு அதோடு வண்ணக் கண்ணாடிப் பட்டறையும் சேர்ந்துகொண்டது. ஆக, பையன் வளர்ந்ததே கண்ணாடித் துண்டுகளுக்கும் ஈயப் பட்டைகளுக்கும் நடுவில். 14 வயதில் தாய் போய்விட்டார். அந்தக் குடும்பத்துக்கே மார்பு பலவீனம். பகலில் அப்பாவின் பட்டறை, மாலையில் ஓவியப் பள்ளி என்று படித்தார். லண்டனில் நடந்த தேசியப் போட்டியில் கண்ணாடி வேலைக்காகத் தொடர்ந்து தங்கப் பதக்கங்கள் வாங்கினார். கூடப் படித்த மார்கரெட் கிரில்லி என்ற ஓவியரை 1914-இல் மணந்தார். மூன்று பிள்ளைகள். அதே ஆண்டு உதவித்தொகை பெற்று பிரான்ஸ் சென்று அங்குள்ள பழைய தேவாலயங்களின் கண்ணாடிகளையும் பார்த்து வந்தார்.

சாளரம் எப்படிச் செய்கிறார்கள் என்பதைச் சொல்லாமல் அவரைப் பற்றிச் சொல்ல முடியாது. முதலில் சாளரத்தின் அளவுக்கே தாளில் முழுப் படம் வரைய வேண்டும். பிறகு ஒவ்வொரு நிறத்துக்கும் கண்ணாடியைத் தேர்ந்து, அந்தப் படத்தின்மேல் வைத்து வெட்ட வேண்டும். முகம், விரல் நகம், துணியின் மடிப்பு ஆகியவற்றை இரும்புத் தூள் கலந்த கரும்பழுப்பு வண்ணத்தால் கண்ணாடியிலேயே வரைந்து சூளையில் சுடுவார்கள். அப்போதுதான் வண்ணம் கண்ணாடியோடு ஒன்றாகும். துண்டுகளை ஈயப் பட்டைகளால் கோர்த்துப் பற்றவைத்துச் சந்துகளில் மக்கு அடைத்தால் வேலை முடிந்தது. இது எல்லாப் பட்டறைக்கும் பொது.

ஹாரியின் வித்தை அமிலத்தில் இருந்தது. வெள்ளைக் கண்ணாடியின் மேல் மெல்லிய தோல்போல ஒரு நிறம் ஏற்றிய கண்ணாடி உண்டு. அந்தத் தோலை ஹைட்ரோஃப்ளோரிக் அமிலத்தால் அரித்தால், அரித்த அளவுக்கு நிறம் வெளுக்கும். நிறம் அப்படியே நிற்க வேண்டிய இடத்தில் மெழுகு பூசி, மீதியை அமிலத்தில் வைத்து எடுப்பார். மறுபடியும் மெழுகு, மறுபடியும் அமிலம். இப்படி ஒரே துண்டில் அடர்சிவப்பு முதல் இளரோஜா வரை வரவழைப்பார். சில இடங்களில் அப்படிச் செய்த சிவப்பின்மேல் நீலக் கண்ணாடி ஒன்றை அடுக்கி வைப்பார். நான் பார்த்த நீலத்துக்குள் சிவப்பு அப்படி வந்ததுதான். கண்ணாடியையே தின்னும் அமிலம், அதன் ஆவி என்ன செய்யும் என்பதை டாக்டர் மருமகளிடம் கேட்டேன். "நுரையீரலுக்கு நல்லதில்லை அத்தை. ஏற்கெனவே பலவீனமான நுரையீரல்னா கேட்கவே வேண்டாம்" என்றாள்.

ஒரு விஷயம் ஒப்புக்கொள்கிறேன். ஹாரியின் புனிதர்களைப் பார்த்தால் எனக்கு வரம் கேட்கத் தோன்றவில்லை. மெலிந்த நீண்ட விரல்கள், பெரிய கண்கள், நாடக மேடையில் நிற்பவர்களின் உடை. ஆண்டர்சனின் தேவதைக் கதைகளுக்கும் எட்கர் ஆலன் போவின் திகில் கதைகளுக்கும் படம் வரைந்த அதே கைதானே. போவின் கதைகளுக்கு அவர் வரைந்ததை இரவில் தனியாகப் பார்க்காமல் இருப்பது நல்லது. அம்மாவிடம் கோப்னட்டின் படத்தைக் காட்டினால், "இது எந்த சினிமா நடிகை?" என்று கேட்பார். ஆனாலும் அந்தச் சிற்றாலயத்தில் முக்கால் மணி நேரம் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

இன்னொரு வேலையைப் பற்றியும் படித்தேன். முதல் உலகப் போரில் மடிந்த அயர்லாந்துக்காரர்களின் பெயர்ப் பட்டியல் 1923-இல் எட்டுத் தொகுதிகளாக அச்சாயிற்று. 49,000-க்கும் மேற்பட்ட பெயர்கள். பக்கங்களைச் சுற்றி அலங்காரக் கரை போட்டுக் கொடுத்தவர் ஹாரி. பூவேலை, கொடிவேலை போலத் தெரியும் கரைகளுக்கு நடுவே உற்றுப் பார்த்தால் நிழலுருவாகப் போர்வீரர்கள், பதுங்கு குழிகள், கல்லறைச் சிலுவைகள். அந்தப் பட்டியலில் உள்ள எத்தனையோ பேருக்குக் கல்லறை கிடையாது. சேற்றில் போனவர்கள். அவர்களுக்குக் கிடைத்தது இந்தத் தாள்தான்.

1921-இல் தந்தை இறந்ததும் பட்டறைப் பொறுப்பு ஹாரிக்கும் தம்பி வால்டருக்கும் வந்தது. வேலை குவிந்தது. புதிதாக விடுதலை பெற்ற நாடு, ஊருக்கு ஊர் தேவாலயம், எல்லோருக்கும் கிளார்க் சாளரம் வேண்டும். மறுக்கத் தெரியாதவர் போலிருக்கிறது. பகல் முழுவதும் கண்ணாடி, இரவில் புத்தகப் படங்கள். 1929-இல் காசநோய் என்று உறுதியாயிற்று. அந்தக் காலத்தில் காசநோய்க்கு மாத்திரை கிடையாது, மலைக்காற்றுதான் மருந்து. சுவிட்சர்லாந்தின் டாவோஸில் உள்ள மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். கொஞ்சம் தேறி வீடு திரும்பினார். திரும்பி வந்த 1930-இலேயே தம்பி வால்டரும் இறந்துபோனார்.

அதே ஆண்டில்தான் அரசாங்கம் அவரை அவமதித்தது. ஜெனீவாவில் உள்ள உலகத் தொழிலாளர் அமைப்பின் கட்டடத்துக்கு அயர்லாந்தின் அன்பளிப்பாக ஒரு சாளரம் செய்து தரும்படி கேட்டிருந்தார்கள். 15 ஐரிஷ் எழுத்தாளர்களின் படைப்புகளிலிருந்து காட்சிகளை எடுத்துக்கொண்டு, நோயோடு போராடி முடித்துக் கொடுத்தார். அரசுத் தலைவர் காஸ்கிரேவ் வந்து பார்த்தார். லியாம் ஓ'ஃபிளாஹர்ட்டியின் நாவலிலிருந்து எடுத்த காட்சியில், குடித்துக்கொண்டிருக்கும் ஒருவர் முன் மெல்லிய துணி மட்டும் சுற்றிய பெண் ஆடுகிறாள். இதைப் போய் உலகத்துக்கு எப்படிக் காட்டுவது என்று அரசாங்கத்துக்கு வெட்கமாகிவிட்டது. சாளரம் ஜெனீவாவுக்குப் போகவில்லை. பிறகு மார்கரெட், அரசு கொடுத்த தொகையைத் திருப்பிக் கொடுத்துக் கணவரின் வேலையை மீட்டுக்கொண்டார். இன்று அது அயர்லாந்திலேயே இல்லை. அமெரிக்காவில், மயாமி கடற்கரையில் ஓர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சொந்த நாட்டு எழுத்தாளர்களின் பெயரெல்லாம் அந்தக் கண்ணாடியில் இருக்கிறது, பார்க்க வேண்டுமானால் அயர்லாந்துக்காரர் அட்லாண்டிக் கடலைத் தாண்ட வேண்டும்.

சாளரத்துக்கு முடிவு தெரியாமலேயே ஹாரி மறுபடி டாவோஸ் போனார். இந்த முறை தேறவில்லை. அந்நிய மண்ணில் சாகப் பயந்து, 1931 ஜனவரி முதல் வாரத்தில் டப்ளினுக்குப் போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்று கிளம்பினார். மலையிலிருந்து இறங்கும் வழியில் கூர் என்ற ஊர். அங்கேயே ஜனவரி 6 அன்று உயிர் போயிற்று. மூன்று ராசாக்கள் திருநாள். வயது 41. கூரிலேயே அடக்கம் செய்தார்கள்.

இதுவரை வாசித்தது மற்றவர் கதை. அடுத்த நான்கு வரிகளைப் படித்துவிட்டுத்தான் விளக்கைப் போட்டுக்கொண்டு எழுந்து உட்கார்ந்தேன். கூரில் கல்லறைக்கு 15 ஆண்டு கணக்கு. அதன்பின் பராமரிக்க ஒப்புக்கொள்வதாகக் குடும்பம் உறுதி தர வேண்டும். இதை யாரும் மார்கரெட்டிடம் விளக்கிச் சொல்லவில்லை. 1946-இல் ஹாரியின் எலும்புகளைத் தோண்டியெடுத்துப் பொதுக் குழியில் போட்டுவிட்டார்கள். இன்று அவருக்குக் கல்லறை கிடையாது.

கைப்பையிலிருந்து படிவத்தை எடுத்துப் பார்த்தேன். எனக்கு விவரம் சொல்லியிருந்தார்கள். நாளும் குறித்திருந்தார்கள். மார்கரெட்டுக்கு இல்லாதது என் கையில் இருந்தது, நான் அதைக் கைப்பையில் வைத்துக்கொண்டு ஊர் சுற்றிக்கொண்டிருந்தேன்.

மார்கரெட்டைப் பற்றி இரண்டு வரி சொல்லிவிடுகிறேன், யாரும் அதிகம் சொல்வதில்லை. அவரே பெயர் பெற்ற ஓவியர். கணவரும் கொழுந்தனும் ஆறு மாத இடைவெளியில் போனபின் மூன்று பிள்ளைகளையும் பட்டறையையும் கையில் எடுத்து, 1961-இல் தாம் இறக்கும் வரை நடத்தினார். பட்டறை 1973-இல்தான் மூடப்பட்டது.

மறுநாள் பட்டமளிப்பு விழாவில் மருமகள் அங்கி அணிந்து மேடையேறினாள். அண்ணன் அழுதார். மாலையில் அவரிடம் ஹாரியின் கதையைச் சொன்னேன். வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ஜோகூருக்கு வேண்டாம். அம்மா பஸ் ஏறிப் போய்ப் பார்க்கிற தூரத்துல இருக்கட்டும்" என்றார்.

அம்மாவுக்குச் சொல்வதுதான் கடினமாக இருந்தது. ஹாரி, அமிலம், ஜெனீவா ஒன்றும் அவருக்குத் தேவைப்படவில்லை. சாகும்போது வீட்டுக்கு வரக் கிளம்பி வழியில் இறந்தார் என்ற இடத்தில் மட்டும் நிறுத்தி, "பொண்டாட்டி கூட இருந்தாளா?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை என்றேன். பொதுக் குழி என்றதும் சிலுவை போட்டுக்கொண்டார். ஒரு வாரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு ஒருநாள் காலைச் செபம் முடித்துவிட்டு, "கையெழுத்து எங்கே போடணும்?" என்றார்.

தோண்டிய அன்று விடியுமுன்னே போய்விட்டோம். அம்மாவை வர வேண்டாம் என்றோம், கேட்கவில்லை. 86 வயதில் மடக்கு நாற்காலியைத் தூக்கச் சொல்லி, குடை பிடித்துக்கொண்டு தள்ளி உட்கார்ந்தார். சாமியார் சிறு செபம் சொன்னார். வேலை செய்தவர்கள் நான்கு பேர். அதில் ஒருவர் நம் தமிழ்நாட்டுத் தம்பி, புதுக்கோட்டைப் பக்கம். "பயப்படாதீங்கம்மா, மெதுவாத்தான் எடுப்போம்" என்று அம்மாவிடம் வந்து சொல்லிவிட்டுப் போய்க் குழியில் இறங்கினார். பெட்டி மக்கிப் போயிருந்தது. கோட்டின் பொத்தான்கள் இருந்தன. எலும்புகளை ஒவ்வொன்றாக எடுத்து வரிசையாக வைத்தார்கள். நான் நினைத்த அளவுக்குப் பயமாக இல்லை.

அந்தத் தம்பி மண்ணோடு எதையோ உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு மேலே வந்தார். "இது உங்களுதாம்மா?" அப்பாவின் கையில் சுற்றி அடக்கம் செய்த செபமாலை, வேளாங்கண்ணியில் வாங்கியது, நீலக் கண்ணாடி மணி. கோர்த்திருந்த நூல் போய்விட்டது. மணிகள் மட்டும் தனித்தனியாக மண் ஒட்டிக் கிடந்தன. தண்ணீர் போத்தலைத் திறந்து கழுவினேன். புதிது போலிருந்தன.

சாம்பலோடு வைத்துவிடலாமா என்று அண்ணன் கேட்டார். அம்மா பதில் சொல்லாமல் கைக்குட்டையை மடியில் விரித்து, மணிகளை ஒவ்வொன்றாக எண்ணினார். 59 இருக்க வேண்டியதில் 54 இருந்தன. "இன்னொரு தடவை பார்க்கச் சொல்லுடா" என்றார் அண்ணனிடம். புதுக்கோட்டைத் தம்பி மறுபடி குழியில் இறங்கினார்.